ஒரு வளவில் இரு வீடுகள்

கணினியில் உள்ள இரண்டு பணிசெயல் முறைமைகளில் ஒன்றை அபாயமின்றி நீக்குவது எவ்வாறு?

ஒரே வளவில் இரண்டு வீடுகள் இருக்கின்றன எனக் கொள்வோம். வீடுகள் இரண்டாயினும் தெருவுக்குச் செல்லும் படலை ஒன்றே. அப்படலையின் திறப்பு பின்னர்க் குடிவந்தவரிடம் இருக்கின்றது. வருவோரை அவரே நிறுத்தி, எந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று வினவி உள்ளே விடுகின்றார். ஒரு நாள் அவரை அனுப்பிவிட்டு, வளவு முழுவதையும் மற்றவருக்கே கொடுத்துவிட நாம் விரும்புகின்றோம். திறப்பைத் திரும்ப வாங்காமல் அவரை அனுப்பிவிட்டால் நேர்வது யாது? எஞ்சிய வீட்டில் ஓர் ஓடுகூடக் குலையாது. ஆனால் அதனுள்ளே செல்வதற்குத்தான் வழியிராது.

விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பெற்ற கணினியின் நிலையும் இதுவே. இரண்டில் ஒன்றை நீக்க முற்பட்டு, மறுநாட் காலையிற் கறுத்த திரையின் முன்னே திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் செயற்றிட்ட அறிக்கை, தந்தையாரின் கணக்குகள், திருமணப் புகைப்படங்கள் யாவும் அழிந்துவிட்டன என்றே அவர்கள் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவை அழிவதில்லை. செய்ய வேண்டியவற்றை உரிய ஒழுங்கிற் செய்யாமையே அத்தொல்லைக்குக் காரணமாகும். அவ்வொழுங்கினை இக்கட்டுரையில் விளக்கமாகக் காண்போம்.

இரண்டு முறைமைகள் எதற்கு?

கணினியை இயக்கி, அதன் உறுப்புக்கள் யாவற்றையும் ஆளும் அடிப்படைச் செய்நிரலை நமது பாடசாலை நூல்கள் பணிசெயல் முறைமை என வழங்குகின்றன. இயங்குதளம் என்பாரும் உளர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் அவற்றுள் ஒன்று. பின்லாந்து தேசத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் என்னும் கருவினை அடிப்படையாகக் கொண்டு, 2004 முதல் வெளிவரும் உபுண்டு மற்றொன்று. இதனைப் பணம் கொடாமலே பெறலாம். ஆகவே, செய்நிரலாக்கம் பயிலும் மாணவர் பலர் தம் மடிக்கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டே அதன் அருகில் உபுண்டுவையும் நிறுவிக்கொள்கின்றனர்.

படிப்பு முடிந்தபின் அதன் தேவை குறைகின்றது. வன்தட்டிலும் இடம் போதாமற் போகின்றது. அப்பொழுது உபுண்டுவை நீக்க எண்ணுகின்றனர். இதற்கு நேர்மாறானவர்களும் உளர். விண்டோஸ் 10 முறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11இனை ஏற்காத பழைய கணினிகளை வைத்திருப்போரிற் சிலர் உபுண்டுவுக்கு மாறி, பழைய விண்டோஸை நீக்கிவிட விரும்புகின்றனர். இவ்விரு சாராருக்கும் உரிய முறைகளைத் தனித்தனியே கூறுவோம்.

படலையும் திறப்பும்

கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது விண்டோஸும் அன்று, உபுண்டுவும் அன்று. தாய்ப்பலகையிலே பதிக்கப்பெற்ற சிறு செய்நிரல் ஒன்றே முதலில் விழிக்கின்றது. பழைய கணினிகளில் இதற்குப் பயோஸ் என்று பெயர், புதியவற்றில் யூ.ஈ.எப்.ஐ. என்று பெயர். எந்த முறைமையை அழைப்பது என்பதை இவை தீர்மானிக்கும் விதம் வெவ்வேறானது. அவ்வேறுபாட்டினை அறிந்துகொண்டால் மற்றவை எளிதாகும்.

பயோஸ் உள்ள கணினி, வன்தட்டின் முதல் 512 பைட்டுக்களை வாசிக்கின்றது. அவற்றுள் 446 பைட்டுக்கள் தொடக்கச் செய்நிரலுக்கு உரியவை. 64 பைட்டுக்கள் வன்தட்டின் பிரிவுகளுடைய எல்லைகளைக் குறிப்பவை. காணிக்கு உறுதி எப்படியோ, வன்தட்டுக்கு இவை அப்படி. உபுண்டுவை நிறுவும்போது, கிரப் எனப்படும் அதன் தொடக்கச் செய்நிரலின் முதற்பகுதி அந்த 446 பைட்டுக்களில் அமர்ந்துகொள்கின்றது. எஞ்சிய பெரும்பகுதி உபுண்டுவின் பிரிவிலேயே இருக்கின்றது. அப்பிரிவினை அழித்துவிட்டால், படலையில் நிற்பவருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. அவர் மேற்கொண்டு செய்வதறியாது, 'கிரப் ரெஸ்கியூ' என்னும் ஒரு வரியினைத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடுவார்.

யூ.ஈ.எப்.ஐ. உள்ள கணினியில் ஏற்பாடு வேறு. வன்தட்டிலே தொடக்கத்துக்கென்றே சிறியதொரு தனிப்பிரிவு உண்டு. அதற்கு ஈ.எப்.ஐ. சிஸ்டம் பிரிவு என்று பெயர். அதனுள் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை எனத் தனித்தனியே இருக்கும். யாரை முதலில் அழைப்பது என்னும் வரிசைப் பட்டியல் தாய்ப்பலகையிற் பதிந்திருக்கும். இங்கே திறப்பினை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவது, அவ்வரிசையிற் பெயர்களை மேலுங்கீழுமாக மாற்றுவதேயன்றி வேறில்லை.

உங்கள் கணினி எவ்வகையினது என்று அறிவது எளிது. விண்டோஸில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்பதைத் தேடித் திறவுங்கள். 'பயோஸ் மோட்' என்னும் வரிக்கு எதிரே யூ.ஈ.எப்.ஐ. என்றோ லெகசி என்றோ எழுதப்பட்டிருக்கும். லெகசி என்பது பழைய வகையைக் குறிக்கும்.

முதலாவது வேலை: பிரதி எடுத்தல்

எதனையும் தொடுமுன் பிரதி எடுத்தல் வேண்டும். உபுண்டுவை நீக்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ளுக. உபுண்டு தன் கோப்புக்களை ஈ.எக்ஸ்.டி.4 என்னும் அமைப்பில் எழுதி வைக்கின்றது. விண்டோஸ் அதனைச் சாதாரணமாக வாசிக்காது. ஆதலால் உபுண்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதே வேண்டியவற்றை வெளி வன்தட்டுக்கோ பென் டிரைவுக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும். அதே வன்தட்டின் இன்னொரு பிரிவில் வைப்பது போதாது. நாம் கைவைக்கப் போவது அந்த வன்தட்டிலேயே அல்லவா?

கண்ணுக்குத் தெரியாத கோப்புக்களும் உண்டு. உபுண்டுவிலே புள்ளியிற் தொடங்கும் பெயருடைய கோப்புறைகள் மறைந்திருக்கும். இணைய உலாவியின் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் போன்றவை அவற்றினுள்ளேயே இருப்பதுண்டு. கோப்புச் சாளரத்தில் கன்ட்ரோல் விசையையும் எச் எழுத்தையும் ஒருங்கே அழுத்தினால் அவை வெளிப்படும். பிரதி எடுத்தபின், அதனை இன்னொரு கணினியிற் பொருத்தி, சில கோப்புக்களைத் திறந்து பார்த்தல் நன்று. திறந்து பாராத பிரதியைப் பிரதி என்று நம்புதல் தகாது.

இனி, விண்டோஸ் 11 உள்ள கணினிகளிற் பலவற்றில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பிற்லொக்கர் என்பது இதன் பெயர். தொடக்க வரிசையை மாற்றியதும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பினைத் தருமாறு விண்டோஸ் கேட்கக்கூடும். அதனைத் தர இயலாதவருக்குத் தம் சொந்தக் கோப்புக்களே எட்டாக்கனியாகிவிடும். கணினியிற் பதிந்துள்ள மைக்ரோசொப்ட் கணக்கினுள்ளே இவ்விலக்கங்கள் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளைக் கணினிப் பையினுள் வைக்காது அலுமாரியில் வைப்பதே அறிவுடைமை.

அடுத்து, 8 ஜிகாபைட்டுக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸின் நிறுவற் பிரதியை ஆயத்தஞ் செய்துகொள்ள வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனம் இதற்கான செய்நிரலை இலவசமாகவே தருகின்றது. அந்த டிரைவில் முன்னர் இருந்தவை அழிந்துவிடும் ஆதலால் வெற்று டிரைவையே பயன்படுத்துக.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று நுழைந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை வாசகர்கள் மறந்திரார். வன்தட்டின் எல்லைகளை மாற்றும் வேளையில் மின்சாரம் நின்றால், உறுதி எழுதும்போது மை கொட்டியது போலாகும். மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுதும் நிரப்பி, மின்னிணைப்பையும் கொடுத்து வைக்குக. மேசைக்கணினியாயின் யூ.பி.எஸ். கருவியுடன் இணைத்த பின்னரே தொடங்குக.

இரண்டாவது வேலை: திறப்பை மாற்றுதல்

உபுண்டுவை நீக்கி விண்டோஸை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு இதுவே தலையாய வேலை. யூ.ஈ.எப்.ஐ. கணினியாயின், விண்டோஸின் 'செற்றிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்' என்பதையும், அதனுள் 'ரிக்கவரி' என்பதையும் திறந்து, 'அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதன் எதிரேயுள்ள பொத்தானை அழுத்துக. கணினி நீல நிறத் திரையுடன் மீண்டும் எழும். அதிலே 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'யூ.ஈ.எப்.ஐ. பேர்ம்வெயர் செற்றிங்ஸ்' என்பவற்றை முறையே தெரிவு செய்தால் தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கம் தோன்றும். அங்கே தொடக்க வரிசையைக் காட்டும் பகுதியில் 'விண்டோஸ் பூட் மனேஜர்' என்னும் பெயரை முதலிடத்துக்கு உயர்த்திச் சேமித்துவிட்டு வெளியேறுக.

பழைய பயோஸ் கணினியாயின், ஆயத்தஞ் செய்த பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குக. நிறுவு என்பதை அழுத்தாமல், கணினியைப் பழுதுபார்க்கும் பகுதிக்குச் சென்று கட்டளைச் சாளரத்தைத் திறவுங்கள். அங்கே 'பூட்ரெக்' என்னும் கட்டளையை 'பிக்ஸ் எம்.பி.ஆர்.' என்னும் குறிப்புடன் கொடுத்தால், முதல் 446 பைட்டுக்களில் அமர்ந்திருந்த கிரப் அகன்று, விண்டோஸின் தொடக்கச் செய்நிரல் அவ்விடத்தில் அமரும். பிரிவுகளின் எல்லை விபரம் அவ்வண்ணமே இருக்கும்.

இரண்டில் எதைச் செய்தாலும், கணினியை முற்றாக நிறுத்தி மீண்டும் தொடங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு முறை அவ்வாறு செய்க. உபுண்டுவின் தெரிவுப் பட்டியல் தோன்றாமல் நேரே விண்டோஸ் எழுந்தால், திறப்பு உரியவர் கைக்கு வந்துவிட்டது என்பது உறுதி. அவ்வாறு எழும்வரை அடுத்த வேலையைத் தொடவே கூடாது. இயலுமாயின் ஒரு வாரம் இந்நிலையிலேயே கணினியைப் பயன்படுத்திப் பார்த்தல் நன்று. உபுண்டுவில் ஏதேனும் விடுபட்டதாக நினைவு வந்தால், யூ.ஈ.எப்.ஐ. கணினியின் தொடக்கப் பட்டியலிலிருந்து அதனை இன்னும் அழைக்கலாம். அழித்தபின் அழைக்க முடியாது.

மூன்றாவது வேலை: எல்லையை நீக்குதல்

இப்பொழுதுதான் உபுண்டுவின் பிரிவினை அழிக்கலாம். ஆனால் எது உபுண்டுவின் பிரிவு? விண்டோஸின் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்தால், வன்தட்டு பல கட்டங்களாகத் தோன்றும். சி என்னும் எழுத்துடைய கட்டம் விண்டோஸின் வீடு. உபுண்டுவின் கட்டத்துக்கு எழுத்தும் இராது. கோப்பமைப்பின் பெயரும் இராது. இதை மட்டும் கொண்டு முடிவு செய்தலோ ஆபத்தானது. ஏனெனில், எழுத்தில்லாத கட்டங்கள் வேறும் உண்டு. விண்டோஸின் மீட்புப் பிரிவு அத்தகையது, ஈ.எப்.ஐ. சிஸ்டம் பிரிவும் அத்தகையது.

ஆகவே, உபுண்டு உயிருடன் இருக்கும்போதே அதன் 'டிஸ்க்ஸ்' என்னும் செய்நிரலைத் திறந்து, எந்தப் பிரிவு எவ்வளவு பெரியது, எந்த வரிசையில் உள்ளது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். காணியை அளந்து எல்லைக்கல் நாட்டுவது போன்றது இது. இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உபுண்டு ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட்டுக்களாகக் கணக்கிடுகின்றது. விண்டோஸோ 2இன் 30ஆம் அடுக்கினை, அதாவது ஏறத்தாழ 107 கோடியே 37 இலட்சம் பைட்டுக்களை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கின்றது. ஆதலால் உபுண்டுவில் 100 ஜிகாபைட் எனத் தோன்றிய பிரிவு விண்டோஸில் 93 எனத் தோன்றும். அளவு பொருந்தவில்லையே என்று மயங்கி, வேறொரு கட்டத்தை அழித்துவிடுதல் கூடாது.

தாளிலுள்ள குறிப்புடன் ஒப்பிட்டு உறுதிசெய்தபின், அக்கட்டத்தின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி 'டிலீட் வொலியூம்' என்பதைத் தெரிவு செய்க. கட்டம் வெற்றிடமாகும். வெற்றிடம் சி பிரிவுக்கு வலப்புறத்தில், இடையில் வேறொன்றும் இன்றி இருக்குமாயின், சி பிரிவின்மேல் வலப்பொத்தானை அழுத்தி 'எக்ஸ்டென்ட் வொலியூம்' எனக் கொடுத்து அதனை விரிக்கலாம். இடையில் மீட்புப் பிரிவு நின்றால் விண்டோஸ் விரிக்க இடந்தராது. அதற்காக மீட்புப் பிரிவை அழித்துவிட வேண்டாம். வெற்றிடத்திலே புதிய பிரிவொன்றை உண்டாக்கி, டி என்று பெயரிட்டு, புகைப்படங்களை அங்கே வைத்துக்கொள்க. இதனால் இழப்பொன்றுமில்லை.

ஈ.எப்.ஐ. பிரிவினுள் உபுண்டுவின் சிறு கோப்புறை எஞ்சியிருக்கும். அஃது இருப்பதால் தீங்கில்லை. அதனை நீக்குகின்றோம் என்று அப்பிரிவினைக் கிளறுவதனால் விளையக்கூடிய கேடே பெரிது.

விண்டோஸை நீக்குவோருக்கு

உபுண்டுவை வைத்துக்கொண்டு விண்டோஸை நீக்குவோரிடம் படலைத் திறப்பு ஏற்கெனவே இருக்கின்றது. எனினும் அவர்கள் தவறும் இடம் வேறொன்று உண்டு. ஈ.எப்.ஐ. சிஸ்டம் பிரிவினை விண்டோஸே முதலில் உண்டாக்கியிருக்கும். ஆதலால் அதுவும் விண்டோஸின் உடைமை என்று எண்ணி அழித்துவிடுவர். உபுண்டுவின் தொடக்கச் செய்நிரலும் அதனுள்ளேயே குடியிருக்கின்றது. அதனை அழித்தால் இரண்டு வீடுகளுக்கும் பொதுவான படலையையே பிடுங்கி எறிந்தவராவோம். ஜிபார்ட்டெட் என்னும் செய்நிரலில் நூறு அல்லது சில நூறு மெகாபைட் அளவினதாய், பாற் 32 என்னும் அமைப்புடன் தோன்றும் பிரிவு அதுவே. அதனைத் தொடற்க.

விண்டோஸின் பெரிய பிரிவை அழித்து, அவ்விடத்தில் ஈ.எக்ஸ்.டி.4 அமைப்புடைய புதிய பிரிவொன்றை உண்டாக்கிக்கொள்க. உபுண்டுவின் பிரிவையே இடப்புறமாக நகர்த்திப் பெருப்பிக்கலாமே எனச் சிலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால் அதிலுள்ளவை அனைத்தும் இடம்பெயர்க்கப்படும். பல மணி நேரம் செல்லும். இடையில் மின்சாரம் நின்றால் எல்லாம் குழம்பும். தனிப்பிரிவாக வைத்துக்கொள்வதே சாலச் சிறந்தது.

உபுண்டு எழும்போதே விண்டோஸ் பிரிவும் தானாகத் திறக்கும்படி முன்னர் ஏற்பாடு செய்திருந்தால், எப்.எஸ்.ரப் என்னும் கோப்பில் அதற்கென ஒரு வரி இருக்கும். அவ்வரியைப் பிரிவினை அழிக்குமுன் நீக்கிவிடுக. இல்லையேல் இல்லாத பிரிவினைத் தேடி உபுண்டு காத்து நிற்கும். தெரிவுப் பட்டியலில் விண்டோஸின் பெயர் மட்டும் எஞ்சியிருந்தாற் கவலை வேண்டாம். அது வெறும் பெயர்ப்பலகையே.

திரை கறுத்துவிட்டால்

ஒழுங்கு மாறிச் செய்து, கறுத்த திரையில் கிரப் என்னும் சொல்லைக் கண்டோர் செய்யத் தக்கது யாது? முதலாவது, அஞ்சாதிருத்தல். விண்டோஸ் அழியவில்லை, வழி மட்டுமே அடைபட்டிருக்கின்றது. யூ.ஈ.எப்.ஐ. கணினியாயின், மின்சாரம் கொடுத்தவுடன் தொடக்கப் பட்டியலுக்குரிய விசையை விட்டுவிட்டு அழுத்துக. டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் அது எப் 12, எச்.பி. கணினிகளில் எப் 9. தோன்றும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மனேஜர்' என்பதைத் தெரிவு செய்தால் விண்டோஸ் எழும். பின்னர் வரிசையை நிலையாக மாற்றிக்கொள்ளலாம். பழைய கணினியாயின், மேலே கூறியவாறு பென் டிரைவினால் முதற் பைட்டுக்களைத் திருத்தினாற் போதும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினாலன்றி வேறு வழியில்லை என்று பழுதுபார்ப்போர் எவரேனும் கூறினால், உடனே உடன்பட வேண்டாம். திறப்பைத் தொலைத்தவன் வீட்டை இடிப்பதுண்டோ? குடும்பத்தின் பல்லாண்டுப் புகைப்படங்கள் மறைவது பெரும்பாலும் முதலில் நேர்ந்த பிழையினால் அன்று. அப்பிழையைத் திருத்துகின்றோம் என்று பின்னர்ச் செய்யும் அவசர வேலையினாலேயே ஆகும்.

அழிக்கக்கூடாத பிரிவையே அழித்துவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பிரிவினை அழிக்கும்போது கிழிவது உறுதியேயன்றிக் காணி அன்று. அவ்விடத்திற் புதிதாக எதனையும் எழுதாமலும் போர்மட் செய்யாமலும் கணினியை நிறுத்திவிட்டால், டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசச் செய்நிரல்களைக் கொண்டு பழைய எல்லைகளைப் பெரும்பாலும் மீட்கலாம். தாமதமின்றி நிறுத்துவதே இங்கு மருந்து.

முடிவாக

நாம் இதுகாறும் கூறியவற்றை மூன்று சொற்களில் அடக்கலாம்: பிரதி, படலை, எல்லை. இம்மூன்றனுள் கடைசியாகச் செய்ய வேண்டியதையே பலரும் முதலிற் செய்கின்றனர். அழித்தல் ஒரு நொடியில் முடியும் வேலை. அதனாலேயே அது நம்மை ஈர்க்கின்றது. பிரதி எடுப்பதும் வரிசையை மாற்றுவதும் ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளும். அம்மாலைப் பொழுதைச் செலவிட மனமில்லாதோர் உபுண்டுவையும் விண்டோஸையும் உள்ளவாறே விட்டுவைப்பது நலம். அவை ஒன்றோடொன்று சண்டையிடுவதில்லை. செலவிட விரும்புவோர் பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொண்டு, தாளும் பேனாவுமாகத் தொடங்கட்டும். வன்தட்டில் வெற்றிடம் கிடைப்பதுடன், கணினி எவ்வாறு விழிக்கின்றது என்னும் அறிவும் வீட்டில் நால்வருக்குக் கிடைக்கும்.